உப்புக்குள் அயடின் வந்த கதை



கொஞ்ச நாளாக எங்கள் பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. உப்புக்குள் அயடினைக் கலக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் பெண்களுக்குத் தைரொயிட் வியாதி வந்ததாம். ஆகவே பக்கற் உப்பை விட்டுவிட்டுப் பழையபடி கல்லுப்புக்குத் திரும்ப வேண்டுமாம். கடல் உப்பில் இயற்கையாகவே அயடின் இருக்கிறதாம், நாங்கள் கடலோரத்துச் சனங்களாம், எங்களுக்கு எதுவும் குறையாதாம். இவ்வளவுதான் அதன் சாரம். வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு உம்மா, கர்ப்பமாக இருக்கும் தன் மகளுக்கு இப்போது அயடின் உப்பை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

"பொய், நம்பாதீர்கள்" என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிவுக்குள் ஒரு சிறு துண்டு உண்மையும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு பதில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எனவே வரலாற்றை ஒழுங்காகப் பார்ப்போம். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சுரப்பி. தரம் 11 பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும், படித்து முப்பது வருடம் ஆனவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறோம். கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் தைரொயிட் சுரப்பி இருக்கிறது. நிறை சுமார் 20 கிராம். இதற்குக் குழாய் கிடையாது. தான் செய்யும் ஓமோனை நேராக இரத்தத்துக்குள் விடுகிறது. அந்த ஓமோனின் பெயர் தைரொட்சின். ஒரு தைரொட்சின் மூலக்கூறில் நான்கு அயடின் அணுக்கள் இருக்கின்றன. அயடின் இல்லாவிட்டால் தைரொட்சின் இல்லை. உடல் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், இதயம் எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும், பிள்ளை எவ்வளவு வளர வேண்டும் என்பதிலெல்லாம் இந்த ஓமோனுக்குப் பங்கு உண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்வதற்கும் அது வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தையின் சொந்தச் சுரப்பி வேலை தொடங்கியிருக்காது. தாயின் தைரொட்சினே அதற்கு வழி.

இதைக் கட்டுப்படுத்துவது மூளைக்கடியில் பட்டாணி அளவில் இருக்கும் கபச்சுரப்பி. படுவான்கரையில் வயல் செய்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். வட்டவிதானை வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து மதகைத் திறப்பார், போதுமென்றால் மூடுவார். கபச்சுரப்பியும் இரத்தத்தில் தைரொட்சின் எவ்வளவு என்று பார்க்கிறது. குறைந்தால் தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனை அனுப்புகிறது, கூடினால் நிறுத்துகிறது. இரத்தப் பரிசோதனைத் துண்டில் டீஎஸ்எச் என்று எழுதியிருப்பது அந்தத் தூண்டும் ஓமோனைத்தான். சரி, தைரொயிட்டுக்கு அயடினே கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? கபச்சுரப்பி கட்டளையை அனுப்பிக்கொண்டே இருக்கும். மண் இல்லாத செங்கல் வாடிக்கு ஆட்களை மேலும் மேலும் அனுப்புவது போல. கல் வராது, வாடி மட்டும் பெருக்கும். சுரப்பி வீங்குகிறது. அதுதான் கண்டமாலை.

பாடப்புத்தகத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ ஓட்டமாவடியிலோ ஒரு பிள்ளையிடம் கண்டமாலை கண்டதுண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லும். அளுத்கம, தர்கா நகர்ப் பக்கம் பயிற்சிக்குப் போய்வந்த எங்கள் மூத்த ஆசிரியைகள் வேறு கதை சொல்வார்கள். அங்கே பஸ்ஸிலும் கிணற்றடியிலும் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு பெண்களைக் கண்டிருக்கிறார்கள். "அது ஈரவலயத்துச் சனங்களின் வருத்தம், எங்களுக்குக் கடல் இருக்கு" என்ற நம்பிக்கை எங்களிடம் அப்படித்தான் ஊறியது. இந்த நம்பிக்கைக்குக் கீழே திரும்ப வருவோம்.

அயடின் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு தற்செயல். 1811இல் பிரான்ஸில் பேர்னார்ட் கூர்துவா என்பவர் நெப்போலியனின் படைக்கு வெடியுப்புச் செய்துகொண்டிருந்தார். கடற்பாசிச் சாம்பலில் அமிலம் கொஞ்சம் கூடிப்போக ஊதா நிறப் புகை எழுந்தது. அந்தப் புகையே அயடின். 1820இல் ஜெனீவா வைத்தியர் குவாந்தே அதைக் கண்டமாலைக்குக் கொடுத்தார். வீக்கம் வற்றியது. ஊரே அயடினுக்குப் பின்னால் ஓடியது. வைத்தியரைக் கேளாமல் தாங்களாகவே வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள். பலருக்கு நெஞ்சு படபடத்தது, உடம்பு மெலிந்தது. குவாந்தே மீது பழி வந்தது. அளவைப் பற்றிய சண்டை அன்றே தொடங்கிவிட்டது. அயடினின் வரலாறு முழுக்க அந்த ஒரு சண்டைதான்.

1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜோர்ஜ் மரே, தைரொயிட் செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டுத் தைரொயிட்டின் சாற்றை ஊசியாக ஏற்றினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு 1919 வரை வாழ்ந்தார். "ஓமோன்" என்ற சொல்லே அப்போது கிடையாது, லண்டனில் ஸ்டார்லிங் அதைப் பாவித்தது 1905இல். சுரப்பிக்குள் அயடின் இருப்பதை 1895இல் பௌமன் காட்டினார். 1914 டிசம்பர் 25ஆம் திகதி அமெரிக்காவில் கெண்டல் தைரொட்சினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். (எங்கள் ராத்தாமார் சிலர் கேட்பதுண்டு: தைரொட்சின் மாத்திரை மிருகத்திலிருந்து எடுப்பதா? ஒரு காலத்தில் காய்ந்த மிருகச் சுரப்பித் தூளைத்தான் கொடுத்தார்கள். இன்று வழமையாகத் தரப்படும் தைரொட்சின் இரசாயன முறையில் தயாரிக்கப்படுவது. வெறும் வயிற்றில் குடிக்க வேண்டிய மாத்திரை என்பதால், நோன்பு காலத்தில் எந்த நேரம் என்பதை வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். தாங்களாக நிறுத்த வேண்டாம்.)

உப்பில் கலக்கும் யோசனை சுவிற்சர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது 1922இல். ஏன் உப்பு? பணக்காரன், ஏழை எல்லோரும் தினமும் சாப்பிடுவது, அதிகமாகச் சாப்பிட முடியாதது. ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயடின் 150 மைக்ரோகிராம். எழுபது வருடத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 4 கிராம், ஒரு தேக்கரண்டி கூட வராது. ஆனால் அந்தத் தேக்கரண்டியை ஒரே நாளில் விழுங்கி வைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஆயுள் முழுக்க வர வேண்டும்.

எங்கள் பிராந்தியத்தில் இதைச் சந்தேகமில்லாமல் நிரூபித்தவர் ஆந்திராவில் பிறந்த வைத்தியர் வீ. ராமலிங்கசுவாமி. 1956இல் இமயமலை அடிவாரத்தில் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் பிரதேசத்தை மூன்று வலயமாகப் பிரித்தார்கள். இரண்டு வலயத்துக்கு அயடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில வருடங்களில் அயடின் கிடைத்த இரண்டு வலயத்திலும் கண்டமாலை பாதியளவுக்கு இறங்கியது. சாதா உப்பு வலயத்தில் இறங்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த மூன்றாவது வலயத்துக்கும் அயடின் உப்புக் கொடுத்தார்கள். 1962இல் இந்தியா தேசிய கண்டமாலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

இலங்கையிலும் ஆய்வு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. டாக்மர் வில்சன் இலங்கையையும் நைஜீரியாவையும் சேர்த்து எழுதிய கண்டமாலைக் கட்டுரை 1954இல் வெளிவந்தது. 1960களின் பிற்பகுதியில் மகாதேவாவும் அவருடைய சகாக்களும் இன்னும் விரிவாக எழுதினார்கள். நோய் தென்மேற்கு ஈரவலயத்தில் குவிந்திருப்பது தெளிவானது. கண்டுபிடித்தாயிற்று, மருந்தும் தெரியும், மருந்தின் விலையும் சொற்பம். அப்படியிருந்தும் நாடு முழுவதற்குமான சட்டம் வர இன்னும் ஏறத்தாழ முப்பது வருடம் எடுத்தது. இந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

1986இல் 17 மாவட்டங்களில் 59,000க்கும் மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்தார்கள். 18.8 சதவீதமானோருக்குக் கண்டமாலை. ஐந்து பிள்ளைகளில் கிட்டத்தட்ட ஒரு பிள்ளை. களுத்துறை மாவட்டத்தில் அது 30 சதவீதம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். களுத்துறை எங்கே இருக்கிறது? கடற்கரையில். பேருவளை மீன்பிடித் துறைமுகம் அந்த மாவட்டத்தில்தான். கடல் வாசலில் இருந்தும், மீன் கூடையில் இருந்தும் பிள்ளைகளின் கழுத்து வீங்கியிருந்தது. மழை மண்ணின் அயடினைக் கழுவிக்கொண்டு போகிறது என்பது பழைய விளக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சீ. பீ. திசாநாயக்க முதலான புவிச்சரிதவியலாளர்கள் அது மட்டும் போதாது என்றார்கள். மண்ணில் அயடின் இருந்தாலும் களியும் உக்கலும் அதைப் பிடித்துவைத்துக்கொண்டால் பயிருக்கு வந்து சேராது. எப்படியோ, கடலுக்குப் பக்கத்தில் வாழ்வதே காவல் என்ற எங்கள் நம்பிக்கை களுத்துறையிலேயே உடைந்துபோகிறது.

அடுத்தது கடல் உப்பு. இது நாங்கள் வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு. ஒரு லீட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு, சுமார் 60 மைக்ரோகிராம் அயடின். ஒரு துளி அயடின் கூட வீணாகாமல் முழுதும் உப்போடு வந்து சேர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் உப்பில் 2 மைக்ரோகிராமுக்கும் குறைவு. நாளுக்கு 5 கிராம் உப்புச் சாப்பிட்டால் 9 மைக்ரோகிராம் கூட வராது. வேண்டியது 150, கர்ப்பிணிக்கு 250. கடல் உப்பில் இயற்கையாகவே அயடின் இருக்கிறது என்பது உண்மைதான், இருக்கும் அளவு இவ்வளவுதான். இப்போது கடைகளில் அதிக விலைக்கு விற்கும் இளஞ்சிவப்புப் பாறை உப்பும் அயடின் சேர்க்கப்படாவிட்டால் இதே கதைதான்.

மீன்? கடல் மீனில் நல்ல அயடின் உண்டு. எழுவான்கரையில் தினமும் சூரையும் கீரி மீனும் ஆணம் வைக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். ஆனால் மீன் விற்கும் விலையில் எத்தனை வீட்டில் தினமும்? படுவான்கரைப் பக்கம் சோறும் கீரையும் குளத்து மீனுமாகச் சாப்பிடும் பிள்ளைக்கு? நன்னீர் மீனில் அயடின் குறைவு. அரிசியிலும் குறைவு. ஒரே வாவியின் இரண்டு கரைக்கும் ஒரே கணக்குப் பொருந்தாது. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான உப்பைப் பிடித்தார்கள்.

1995இலிருந்து, 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின்படி, இலங்கையில் மனிதப் பாவனைக்கு விற்கும் உப்பில் அயடின் இருப்பது கட்டாயமானது. ஈரவலயம், உலர் வலயம் என்ற பேதம் கிடையாது. பொற்றாசியம் அயடேற்று என்ற சேர்வையாகக் கலக்கிறார்கள்.

இனி அந்த உண்மைத் துண்டுக்கு வருவோம். உப்பு வந்து சில வருடங்களுக்குள், பிரேமவர்தன முதலிய ஆய்வாளர்கள் இலங்கைப் பாடசாலை மாணவிகளின் இரத்தத்தைப் பரிசோதித்து 2000இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தைரொயிட்டில் இருக்கும் ஒரு புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகள் எதிர்பாராத அளவில் பலரிடம் இருந்தன. அயடின் திடீரெனக் கூடியது காரணமா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். ஆகவே இந்தக் கேள்வியைக் குரல் பதிவு போட்டவர் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் நாட்டு விஞ்ஞானிகளே முதலில் கேட்டார்கள். கேட்டுவிட்டு விடவும் இல்லை. சுமார் மூன்று வருடம் கழித்துத் திரும்பப் பரிசோதித்ததில் அந்த எதிரிகள் காணப்பட்டவர்களின் விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது, உண்மையான நோய் இருந்தவர்கள் சிறு பங்கினர்தான். நீண்ட காலம் பட்டினி கிடந்த சுரப்பிக்கு அயடின் வந்ததும் ஒரு குழப்பம் ஏற்பட்டது, பெரும்பாலானோரில் அது அடங்கியது. பல வருடமாக முடிச்சு விழுந்த கண்டமாலை உள்ள முதியவர்களுக்கு அயடின் திடீரெனக் கூடினால் தைரொயிட் மிகையாக வேலைசெய்யும் ஆபத்து உண்டு என்பதும் வைத்திய உலகுக்குத் தெரிந்ததே.

முதலில் விதித்த அளவும் கூடத்தான். உற்பத்தி இடத்தில் ஒரு கிலோ உப்புக்கு 50 மில்லிகிராம் அயடின் என்று இருந்தது. 2005இல் அதை 15 முதல் 30 மில்லிகிராம் என்று இறக்கினார்கள். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேணுகா ஜயதிஸ்ஸவின் குழு பாடசாலைப் பிள்ளைகளின் சிறுநீரில் அயடினை அளந்து வந்தது. 2000இல் இடைப்பெறுமானம் லீட்டருக்கு 145 மைக்ரோகிராம், 2005இல் 154, 2010இல் 163. உலக சுகாதார நிறுவனம் போதுமானது என்று சொல்வது 100க்கும் 199க்கும் இடையில். மூன்று தடவையும் உள்ளேயே நிற்கிறது. கண்டமாலை 2000இல் இன்னும் 20.9 சதவீதம் (வீங்கிய சுரப்பி சுருங்கக் காலம் எடுக்கும்), 2005இல் 3.8, 2010இல் 4.4. குரல் பதிவில் இந்த எண்கள் ஒன்றும் இல்லை.

"அப்படியென்றால் ஏன் இப்போது எல்லாப் பெண்களுக்கும் தைரொயிட்?" இது அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. ஒன்று, இப்போது பரிசோதிக்கிறோம். உம்மம்மா காலத்தில் "உடம்புக்கு அலுப்பு, முடி கொட்டுது, குளிருது" என்றால் பிள்ளை பெற்ற உடம்பு என்று விட்டுவிடுவார்கள். இப்போது டீஎஸ்எச் எழுதிக் கொடுக்கிறார்கள். 2010க்குப் பிறகு பிறந்த குழந்தையின் குதிக்காலில் இரத்தம் எடுத்தும் பார்க்கத் தொடங்கினார்கள். பிறவியிலேயே சுரப்பி வேலை செய்யாத குழந்தைக்கு உடனே மாத்திரை தொடங்கினால் மூளை தப்பிவிடும். இரண்டு, நோய் உப்பை விடப் பழையது. வீங்கிய கழுத்தும் பிதுங்கிய கண்ணும் சேர்ந்து வருவதைப் பாரசீகத்து வைத்தியர் இஸ்மாயீல் அல்-ஜுர்ஜானி 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அயர்லாந்தின் றொபேட் கிறேவ்ஸ் அதை விவரித்தது 1835இல். உடல் தன் தைரொயிட்டையே தாக்கும் நோயை ஜப்பானின் ஹஷிமோட்டோ நான்கு பெண்களிடம் கண்டு எழுதியது 1912இல், சுவிற்சர்லாந்து உப்பில் அயடின் கலப்பதற்குப் பத்து வருடம் முந்தி. (ஜப்பானியர் கடற்பாசி சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்கு அயடின் கூட என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். சரிதான். அளவுதான் பிரச்சினை என்று முதலிலிருந்தே சொல்லி வருகிறோம்.) இந்த நோய்கள் ஆண்களை விடப் பெண்களை அதிகம் பிடிப்பதும் உலகம் முழுவதும் உள்ளது.

அந்த உம்மாவிடம் நாங்கள் சொன்னது இதுதான். மகளுக்குத் தைரொயிட் வருத்தம் இருந்தால் கிளினிக்கில் வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள். உப்பைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள், பிறசருக்கு அது நல்லது. ஆனால் அயடின் உப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதா கல்லுப்பை வைக்க வேண்டாம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குப் போக வேண்டியதை இன்னும் சில மாதம் கழித்துக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது.

வீட்டில் கவனிக்க வேண்டியதும் உண்டு. கல்லுப்பும் அயடின் சேர்த்து விற்கப்படுகிறது, ஆகவே கல்லா தூளா என்று பார்க்காமல் பக்கற்றில் அயடின் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கல்லுப்பைக் கழுவிச் சட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கழுவிய தண்ணீரோடு அயடினும் போகும். அடுப்புக்கும் வெயிலுக்கும் பக்கத்தில் திறந்த போத்தலில் வைத்தாலும் குறையும். ஆணம் இறக்கும் நேரத்தில் போடுவது நல்லது. கருவாட்டுக்கென்று வாங்கும் சாக்கு உப்பைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். 2025இல் உப்புத் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் கடைகளில் பெயரில்லாத பைகளில் உப்பு விற்றார்கள், அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. லேபல் இல்லாத உப்பைக் கண்டால் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். மாதிரி எடுத்து அனுப்புவது அவருடைய வேலை.